பெயரைப் பிடித்துக்கொண்டோம், குழாயை மறந்தோம்

அளவீட்டுப் பிழைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “டெல்லி பாக்டீரியா என்று சொன்னார்களே, அது வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்ட கதைதானே, சார்?” என்று கேட்டார். மூலக் கட்டுரையைப் படிக்காமல் விடை சொல்வது முறையன்று என்று தோன்றியது. படித்துப் பார்த்தேன். கட்டுரையில் குறை உண்டு. அதற்கு நாம் சொன்ன பதிலில் அதைவிடப் பெரிய குறை உண்டு. இரண்டையும் இங்கே எடைபோட்டுப் பார்ப்போம்.

கதை சுவீடன் நாட்டில் தொடங்குகிறது. 2008 ஜனவரியில் அங்கே இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரைச் சோதித்தார்கள். அவர் அதற்குச் சற்று முன்புதான் புதுடெல்லியில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்தார். சிறுநீரில் இருந்தது கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியா. அது பழைய ஆசாமிதான். அது சுரந்த நொதிதான் புதியது. கடுமையான நோய்களுக்கென்று மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே அந்த நொதி சிதைத்துவிட்டது. 2009-இல் அதற்குப் புதுடெல்லியின் பெயரைச் சேர்த்து என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள்.

அதன் பரவலை ஆராய்ந்த கட்டுரை 2010 ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ என்னும் இதழில் வெளிவந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஆகவே, ‘வெள்ளைக்காரர்கள் கட்டிய கதை’ என்ற பேச்சு தொடக்கத்திலேயே அடிபட்டுப் போகிறது.

கட்டுரையின் நிறையும் குறையும்

இந்த நொதியுள்ள பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தான் நாடுகளின் பிற இடங்களில் 73 கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை கோலிஸ்டின், டைஜிசைக்ளின் என்ற இரண்டைத் தவிர வேறு மருந்துக்குப் படியவில்லை. இந்த நொதியை உண்டாக்கும் ஜீன், பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவும் என்பதையும் கட்டுரை காட்டிற்று. இவை உறுதியான அளவீடுகள். இவற்றைக் குறை சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை.

குறை முடிவுரையில் இருக்கிறது. பிரிட்டிஷ் நோயாளிகள் அறுவைச் சிகிச்சைக்காக இந்தியா செல்வதைப் பற்றி அங்கே எச்சரிக்கை தொனிக்கிறது. பிரிட்டனில் விவரம் தெரிந்த 29 நோயாளிகளில் 17 பேர் முந்திய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ சென்று வந்தவர்கள் என்பது மெய்யே. ஆனால் அப்படிச் சென்று வந்தோர் மொத்தம் எத்தனை ஆயிரம்? அவர்களில் எத்தனை பேரை நோய் பற்றியது? வகுக்கும் எண் இல்லாமல் ஆபத்தின் அளவைச் சொல்ல முடியாது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் இப்படி முடிவெழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன். கட்டுரையின் சில கருத்துகளோடு தமக்கு உடன்பாடில்லை என்று முதல் ஆசிரியரே பின்னர் கூறினார். ஊரின் பெயரை இட்டதற்காக லான்செட் ஆசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன் 2011 ஜனவரியில் மன்னிப்புக் கேட்டார்.

நம் பதிலின் குறை

பெயர்ச் சண்டையில் நாம் வென்றோம் என்றே வைத்துக்கொள்வோம். நொதி தோற்றதா? அந்த முதல் மாதிரி சிறுநீரிலிருந்து வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? மருத்துவமனையில் தொற்றும் சிறுநீர் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு வழி, சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் கதீட்டர் என்ற குழாய். இதைப் பற்றித்தான் பொதுமக்களிடம் பேசியிருக்க வேண்டும்.

இதை நான் அறிந்தது நூலிலிருந்து அன்று. என் தந்தையார் இடுப்பெலும்பு முறிந்து திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது, கீழே தொங்கிய சிறுநீர்ப் பை எங்கும் இடிக்காமல் இருக்கட்டும் என்று நானே அதை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தேன். எதிரே வந்த நர்ஸ், “பையைக் கீழே இறக்குங்க சார், உள்ளே திரும்பிப் போகும்” என்றார். பாய்ம அழுத்தத்தைப் பத்து ஆண்டுகளாகக் கற்பிக்கிறவன் நான்! டிரம்மிலிருந்து ரப்பர் குழாய் வைத்துக் குடத்துக்குத் தண்ணீர் இறக்காத வீடு நம் ஊரில் ஏது? குடத்தை டிரம்மைவிட உயரமாகத் தூக்கினால் என்ன ஆகும் என்பது குழந்தைக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. சோதனையில் கிளெப்சியெல்லா. ஒரு வாரம் விலையுயர்ந்த ஊசி போட்ட பிறகே தேறினார். என் கைதான் காரணம் என்று நிறுவ முடியாது. இல்லை என்றும் நிறுவ முடியாது.

குழாயின் உட்புறமும் வெளிப்புறமும் பாக்டீரியாவுக்கு ஏணிகள். தண்ணீர்த் தொட்டியில் பாசி படிவதுபோல் அவை குழாயின் சுவரில் படலமாகப் படிகின்றன. படலத்தின் உள்ளிருப்பவற்றை மருந்து எளிதில் எட்டுவதில்லை. முன்பு குழாயின் மறுமுனையைத் திறந்த பாத்திரத்தில் விட்டார்கள். நான்கே நாட்களில் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் பாக்டீரியா பெருகிற்று. மூடிய பை வந்த பின் இது நாளொன்றுக்கு நூற்றுக்கு 3 முதல் 7 பேர் என்ற அளவுக்குக் குறைந்தது. இவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் நாள் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

வகுக்கும் எண்ணோடு கணக்கிட்ட ஆய்வும் நம்மிடம் உண்டு. 2004 முதல் 2007 வரை 7 இந்திய நகரங்களின் 12 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், குழாய் இருந்த 1000 நாட்களுக்கு 1.41 சிறுநீர்த் தொற்று என்று கண்டார்கள். முறை சரியானது. எனினும், கணக்கெடுக்க முன்வந்த சில மருத்துவமனைகளின் எண் இது. கணக்கே எடுக்காத இடங்களுக்கு இதைப் பொருத்திப் பெருமைப்பட்டால் நாமும் லான்செட் முடிவுரையின் தவற்றையே செய்தவர்கள் ஆவோம்.

கட்டுரைக்குப் பின் நல்லனவும் நடந்தன. 2012-இல் மருத்துவர்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ உருவாக்கினார்கள். சில முக்கிய எதிர்ப்பு மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்-1 பட்டியல் 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டம் மருந்துக்கடை வாசலில் நின்றுவிடும். நோயாளியின் கட்டிலருகே நிற்பவர்கள் நாம்.

ஆகவே அந்த மாணவருக்கு என் விடை இது: அது கதையன்று, தம்பி. பெயர் தவறு; பாக்டீரியா மெய். உன் வீட்டார் யாரேனும் குழாயோடு படுத்திருந்தால், பை இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் மட்டும் படவேண்டாம். தொடுமுன்னும் தொட்டபின்னும் கையைச் சோப்பால் கழுவு. நாள்தோறும் காலையில் மருத்துவரிடம் பணிவாக ஒரு கேள்வி கேள்: “இந்தக் குழாய் இன்றும் தேவைதானா, டாக்டர்?”