வாசியும் சாதிலிங்க வயலும்

திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மர நிழலில் படுத்திருக்கும் மான்களைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கியபடிதான் மேலே வந்து சேருகிறார்கள். சுவாமிமலை உச்சியில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். இரண்டு நிமிடம் பேசாமல் நின்றால் மூச்சு தானாகவே அடங்கிவிடும். யோகத்தின் முதற்பாடம் அந்த இரண்டு நிமிடந்தான்.

மூச்சைத் துணையாகக் கொண்டு உள்ளே போகும் நெறிகளில் நமக்குச் சொந்தமானது சித்தர்களின் வாசியோகம். சீனரிடம் அதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது தாவோ நெறியின் உள் ரசவாதம். பழனிச் சித்தர் போகர் சீனம் போய் வந்தவர் என்பது மரபு சொல்லும் கதை. 1409ஆம் ஆண்டு செங் ஹோ என்ற சீனக் கடற்படைத் தளபதியின் பெயரால் பொறிக்கப்பட்டு, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் இருக்கின்றன. கப்பல் வந்ததற்கு அந்தக் கல் சான்று. யோகம் வந்ததற்கு அல்ல. ஆகவே உறவு கொண்டாடாமல் ஒப்பிட்டு மட்டும் பார்ப்போம்.

தொப்புளுக்குக் கீழே கவனத்தை நிறுத்தும் இடத்தைச் சீனர் 'தான்தியென்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது 'சாதிலிங்க வயல்'. சாதிலிங்கம் நம் சித்த வைத்தியர்களுக்குப் பழகிய சரக்கு. பாதரசம் அதிலிருந்து பிறக்கிறது. சாவை வெல்ல அதைக் காய்ச்சிக் குடித்து, தாங் வம்சத்துப் பேரரசர்கள் சிலர் நஞ்சேறி மாண்டார்கள். காலப்போக்கில் வெளியடுப்பு செல்வாக்கிழந்தது, உடம்பே உலையாயிற்று. சரக்கும் மாறியது: உடலின் சாரம், மூச்சு, உணர்வு என மூன்று. ஒன்றை மற்றொன்றாகப் பக்குவப்படுத்துவதே அந்த ரசவாதம்.

சீனப் பள்ளிகளில் செங்யி மரபினர் இல்லறத்தார். சடங்கே அவர்களுக்கு முதன்மை. வாங் சொங்யாங் (1113–1170) வழிவந்த ச்சுவான்சென் மரபினர் துறவிகள். உள் ரசவாதத்திலும் இரண்டு வழிகள் உண்டு. ச்சுவான்சென் சார்ந்த வடவழி மனத்தை முதலில் தெளிவிக்கும். 1075ஆம் ஆண்டையொட்டி நூல் செய்த சாங் போதுவானின் தென்வழி உடலின் உயிராற்றலை முதலில் திருத்தும்.

நம் பக்கத்திலும் வழிகள் பல. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படி வகுத்து யோகத்தை மூன்றாவதாக வைத்தது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளைச் சொல்கிறார். அவற்றில் இயமம், நியமம், ஆதனம் முடிந்த பிறகே பிராணாயாமம். யாழ்ப்பாணத்தில் செல்லப்பா சுவாமி, அவருக்குப் பின் யோகர் சுவாமி (மறைவு 1964) என வந்த குருபரம்பரை சும்மா இருத்தலைச் சொன்னது. திருகோணமலையில் சுவாமி கெங்காதரானந்தாவின் சிவயோக சமாஜம் தியானத்துக்கு இடமாயிற்று.

இத்தனை பள்ளிகளையும் அளக்க மூன்று அளவுகோல்கள் போதும். முதலாவது, வரிசை. ஒழுக்கத்தையும் இருக்கையையும் தாண்டி முதல் நாளே குண்டலினியை எழுப்பித் தருகிறேன் என்பவரிடம் படியே இல்லை. சீனரும் 'நூறு நாள் அடித்தளம்' என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். இரண்டாவது, தீ. மருந்து காய்ச்சும் வைத்தியர் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி எனத் தீயை அளந்து எரிப்பார். தீயின் பதம் சீன நூல்களிலும் பெரிய பேச்சு. வலிந்து மூச்சைக் கட்டுகிறவர் சிறுதீயில் வைக்க வேண்டியதைக் காடாக்கினியில் வைக்கிறார். மூன்றாவது, பலன். கண்ணுக்குள் ஒளி தெரிந்தது, முதுகில் சூடு ஏறியது என்பவை வழியில் வரும் காட்சிகள். அவற்றைப் பலன் என்று விற்கிற பள்ளியை விட்டு விலகுவதே நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது சித்தர் கணக்கு, நிமிடத்துக்கு 15. அதில் நூறை மட்டும் கவனியுங்கள், ஏழு நிமிடங்கூட ஆகாது. விடியற்காலையில், சாப்பிடுமுன், முதுகு நிமிர்த்தி உட்காருங்கள். உள்ளங்கை வயிற்றில் இருக்கட்டும். மூச்சை இழுக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து எண்ணுங்கள். இதய நோயோ மனநோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும். மூச்சை நிறுத்தும் கும்பகத்தைக் குரு அருகில் இல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

நூறு நாள் கழிந்ததும், என்ன கண்டோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள். கோபம் குறைந்திருக்கிறதா என்று வீட்டாரைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் தேர்வு முடிவு.