ஓட்டத் தடுப்பும் உண்மைத் தோற்றமும்

உலகத்தை உள்ளவாறு காட்டுவதா, உள்ளம் மகிழுமாறு மாற்றிக் காட்டுவதா என்னும் வினா கலையோடு உடன்பிறந்தது. அகப்பாடலுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், உலகியல் வழக்கு என்றும் நாடக வழக்கு என்றும் இரண்டைப் பிரித்தறிந்து, இரண்டும் கலந்து வருவதே புலவர் நெறி எனக் கொண்டார். தமிழாசிரியர் நன்கறிந்த இப் பாகுபாடு ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. இளைஞர் பலர் மாலைப் பொழுதைச் செலவிடும் காணொளி விளையாட்டையும் அவ்வளவையால் அளக்கலாம். அமெரிக்கக் காற்பந்தைத் திரையில் ஆடவைக்கும் விளையாட்டுகளையும், அவற்றுள் ஓட்டத் தடுப்பு என்னும் ஒரு கூறையும் எடுத்துக்கொண்டால், உண்மைத் தோற்றம் என்பது எங்கே தொடங்குகிறது, கடுமை என்பது எங்கே பொய்யாகிறது என்பன இரண்டும் விளங்கும்.

காற்பந்து என்றவுடன் காலால் உதைத்து ஆடுவதே இங்கு நினைவுக்கு வரும். அமெரிக்கக் காற்பந்து வேறு வகையானது. ஓர் அணிக்குப் பதினொருவர். பந்து கைவரப்பெற்ற அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுள் 10 கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறுவதற்கு வழிகள் இரண்டு: பந்தை எறிந்து பிடிப்பது ஒன்று, பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவது மற்றொன்று. எறிதல் கண்ணைக் கவரும். ஓடுதல் மெல்ல மெல்ல எதிரியைத் தேய்க்கும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூட்டமைப்பாகிய என்.எஃப்.எல். ஆட்டங்களில் ஓர் ஓட்டம் சராசரியாக 4 கெஜத்துக்குச் சற்று மேல் ஈட்டுகிறது. ஓட்டத்துக்கு 4 கெஜம் கொடுத்தால் மூன்று ஓட்டங்களில் 12 கெஜம் ஆகிவிடும். பந்து எதிரியின் கையை விட்டு நீங்காது. 2 கெஜத்தில் மடக்கினால் மூன்றுக்கும் சேர்த்து ஆறே கெஜம். எதிரி பந்தை உதைத்து அனுப்பிவிட வேண்டியதுதான். இரண்டுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட இந்தச் சிறு நிலத்துக்காக நடக்கும் போரே ஓட்டத் தடுப்பு எனலாம்.

இடங்காக்கும் கலை

அப்போர் நடக்கும் முறையைச் சிறிதேனும் அறிந்தாலன்றித் திரையில் நிகழ்வது மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்க இயலாது. தாக்கும் அணியின் முன்வரிசையில் நடுவே ஒருவர், பக்கத்துக்கு இருவர் என ஐவர் நிற்பர். பந்தேந்தி ஓடுபவனுக்கு வழி திறந்துவிடுவது இவர்தம் தொழில். ஐவருக்கு இடையே நான்கு இடைவெளிகள், இரு கோடிகளிலும் ஒவ்வொன்று, ஆக ஆறு. ஓரத்தில் மேலும் ஒருவரை நிறுத்தினால் இடைவெளி ஏழாகும். இவை ஒவ்வொன்றுக்கும் தடுப்பு அணியில் ஒருவர் பொறுப்பாவார். கோடியில் நிற்பவர் ஓட்டக்காரனை வெளியே விடாது உள்நோக்கித் திருப்ப வேண்டும். பந்து எதிர்ப்புறம் செல்வதுபோல் தோன்றினும், பின்புறத்தில் நிற்பவர் தம் இடத்தை விட்டு உடனே ஓடலாகாது. ஓடினால், ஓட்டக்காரன் சட்டெனத் திரும்பி, அவர் காலியாக விட்ட இடத்தின் வழியாகவே பாய்ந்துவிடுவான்.

எனவே, ஓட்டத் தடுப்பில் முதல் பண்பு பொறுமை; இரண்டாவது பண்பு பிறர்க்காகத் தன் பெயரை மறத்தல். 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி 16 ஆட்டங்களில் 970 கெஜ ஓட்டத்தையே எதிரிகளுக்குக் கொடுத்தது. ஓர் ஓட்டத்துக்கு 2.7 கெஜம். 2001 சனவரியில் நடந்த இறுதியாட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை 34க்கு 7 என வென்று வாகை சூடியது. அவ்வணியில் புகழ்பெற்றவர் முன்வரிசைக்குப் பின்னே நின்ற லைன்பேக்கர் ரே லூயிஸ். அவர் தடையின்றிப் பாய்ந்து எதிரியை வீழ்த்துவதற்கு வழி செய்தவர்களோ முன்னே நின்ற பேருருவினரான டோனி சிராகூசாவும் சாம் ஆடம்சும் ஆவர். இருவரும் தம்மேல் எதிரிகள் பலரைச் சுமந்துகொண்டு நின்றனர். வீழ்த்தியவர் பட்டியலில் சுமந்தவரின் பெயர் பெரிதாக ஏறுவதில்லை. எனினும் அச்சுமை இல்லையேல் அப்பாய்ச்சலும் இல்லை.

பதினொருவர் எதற்கு?

இத்தகைய கலையைத் திரைக்குக் கொண்டுவர முயன்ற வரலாற்றில் முதலில் எழுந்த சிக்கல் எண்ணிக்கை பற்றியதே. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பயிற்சியாளராக 1969 முதல் 1978 வரை விளங்கிய ஜான் மேடனின் பெயரில் ஒரு கணினி விளையாட்டை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஆக்க முனைந்தது. அக்காலக் கணினியின் ஆற்றல் சிறிது. ஆட்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஆக்குவோர் கருதினர். அணிக்குப் பதினொருவர் இல்லையேல் அது காற்பந்தே ஆகாது என்று மேடன் மறுத்துவிட்டார். அதனால் ஆண்டுகள் பல கழிந்து, 1988இல்தான் அவ்விளையாட்டு வெளிவந்தது. மேடன் 2021இல் மறைந்த பின்னரும் அவர் பெயரிலேயே அது தொடர்கிறது.

அவருடைய பிடிவாதத்தைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. எறிதலை மட்டும் காட்ட ஒருவன் எறிய, ஒருவன் பிடிக்க, ஒருவன் மறிக்கப் போதும். ஓட்டத் தடுப்பைக் காட்டவோ ஆறு ஏழு இடைவெளிகளும் அவற்றைக் காப்பவர்களும் வேண்டும். ஆட்களைக் குறைத்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் காக்கும் கடமையும் மறையும். டெக்மோ என்னும் சப்பானிய நிறுவனம் 1989இல் அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுவந்த ‘டெக்மோ பவுல்’ இதற்குச் சான்று. அதில் அணிக்கு ஒன்பதின்மர். தாக்கும் அணிக்கு நான்கே திட்டங்கள். அந்நான்கில் எது வரும் என்று தடுப்பவர் ஊகிக்க வேண்டும். ஊகம் சரியானால் தடுப்பாளர் அனைவரும் வெள்ளம்போல் உட்புகுவர். தவறினால் ரெய்டர்ஸ் அணியின் போ ஜாக்சன் போன்ற ஓட்டக்காரன் கைக்கு எட்டாமல் போய்விடுவான். அது களிப்பூட்டும் விளையாட்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே தடுப்பு என்பது சீட்டாட்டத்தின் ஊகமாக நின்றதேயன்றி இடங்காக்கும் கலையாகவில்லை. 1991இல் வந்த ‘டெக்மோ சூப்பர் பவுல்’ பதினொருவரைத் தந்து, திட்டங்களையும் எட்டாக்கியது என்பது, அந்நிறுவனத்தாரும் குறையை உணர்ந்தனர் என்பதைக் காட்டுகிறது.

பதினொருவருள் ஒருவர்

பதினொருவரும் திரையில் வந்துவிட்டால் மட்டும் உண்மை வந்துவிடுமா? வாராது. இங்கே இரண்டாவது சிக்கல் எழுகிறது. ஆடுபவர் கையில் இருப்பது ஒரு கருவி. அவர் ஒரு நேரத்தில் இயக்குவது ஒரு வீரரை. ஏனைய பதின்மரை இயந்திரம் நடத்துகிறது. ஆடுபவர் கண்ணோ பந்தின் மேலேயே இருக்கும். பந்து இடப்புறம் சென்றால் அவரும் இடப்புறம் ஓடுவார். அவர் விட்டுச் சென்ற இடைவெளி வாய் திறந்து நிற்கும். ஓட்டக்காரன் அதன் வழியே 20 கெஜம் ஓடிவிட்டால், ‘இயந்திரம் ஏமாற்றிவிட்டது’ என்று அவர் சினங்கொள்வார். ஏமாற்றியது இயந்திரமன்று, அவருடைய ஆவலே. இவ்விடத்தில் விளையாட்டு தரும் கடுமை மெய்யான கடுமை. புதிதாகக் களமிறங்கும் இளைஞனும் இதே பிழையைத்தான் செய்கிறான்.

ஆனால் விளையாட்டை ஆக்கியோரும் அவ்வாவலுக்கே தீனி போட்டனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘மேடன் 2005’ தடுப்புக்குச் சிறப்பிடம் தந்து வெளிவந்தது. அட்டையில் ரே லூயிஸ் நின்றார். கருவியிலுள்ள சிறு கோலைத் தக்க நேரத்தில் தள்ளினால் எதிரியை இடிபோல் மோதி வீழ்த்தும் புதிய வசதியும் அதில் வந்தது. தள்ளும் நேரம் தவறினால் எதிரி தப்பிவிடுவான் என்ற அளவில் அதில் நேர்மை இருந்தது. எனினும் ஆடுபவர் கற்றுக்கொண்ட பாடம் யாது? தடுப்பு என்றால் மோதல் என்பதே. லூயிசின் மோதலைக் காட்டிய விளையாட்டு, அவருக்கு முன்னே சுமை தாங்கி நின்ற சிராகூசாவாக இருப்பது எத்தகையது என்பதை உணர்த்தவில்லை. கோபுரத்தைக் காட்டி அடித்தளத்தை மறைத்த ஓவியம் போன்றது அது.

அதற்கு முந்திய ‘மேடன் 2004’ வேறொரு வகையில் தடுப்பவரைத் திணறச் செய்தது. வழக்கமாகக் குவார்ட்டர்பேக் எனப்படும் அணித் தலைவர் பந்தை ஓட்டக்காரனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். ஆகவே வழிதிறப்போர் ஒன்பதின்மருக்கு எதிரே தடுப்பாளர் பதினொருவர். தலைவரே ஓடத் தொடங்கினால் வழிதிறப்போர் பதின்மராவர்; கணக்கே மாறிவிடும். அட்லாண்டா அணியின் மைக்கேல் விக் அவ்வாறு ஓடுவதில் வல்லவர். திரையில் அவருடைய விரைவுக்கு எதிரே நின்று பிடிக்க வல்லார் அரியர். தலைவர் ஓடினால் கணக்கு மாறும் என்பது உண்மை. ஆனால் 2003இல் அவ்விளையாட்டு கடைக்கு வந்த ஆகஸ்ட்டு மாதத்திலேயே மெய்யான விக் கால் எலும்பு முறிந்து, அப்பருவத்தின் பெரும்பகுதி ஆடாதிருந்தார். ஓடும் தலைவர் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் உடலால் விலை கொடுக்கிறார். ஒவ்வோர் ஆட்டத்திலும் மீண்டும் மீண்டும் ஓடினும் குறையாத திரையின் விக் அவ்விலையைக் கொடுக்கவில்லை. ஆற்றலைக் காட்டி, அதன் விலையைக் காட்டாமை உண்மையில் பாதியே ஆகும்.

கடுமையின் இரு வகை

இனி, கடுமை பற்றிய வினா. மேடன் விளையாட்டில் புதியவர்க்கு உரிய எளிய நிலை முதல் ‘ஆல்-மேடன்’ என்னும் உயர்ந்த நிலை வரை படிகள் நான்கு உண்டு. அவற்றோடு, ஓட்டத்துக்கு வழிதிறத்தல், வீழ்த்துதல் முதலிய ஒவ்வொரு திறனையும் 0 முதல் 100 வரை கூட்டவும் குறைக்கவும் அளவைகள் உள்ளன. மனிதர் பக்கத்துக்கு வேறு, இயந்திரத்தின் பக்கத்துக்கு வேறு. உயர்ந்த நிலைகளில் எதிரியின் ஓட்டத்தைத் தடுக்கவே முடிவதில்லை என்று குறைகூறுவோர் உளர். தடுப்பு மிக எளிதாகிவிட்டது, ஓட்டமே செல்லுபடியாவதில்லை என்போரும் உளர். இரு சாராரும் அளவைகளைத் திருத்தித் திருத்தி, ஓட்டத்துக்கு 4 கெஜம் என்னும் சராசரி வந்துவிட்டால் உண்மை கைகூடியதென்று மகிழ்வர்.

இம்மகிழ்ச்சி ஆராயத்தக்கது. ஐந்து ஓட்டங்கள் ஒவ்வொன்றும் 4 கெஜம் எனின் சராசரி 4. ஐந்து ஓட்டங்கள் 1, 2, 0, 3, 14 என அமைந்தாலும் சராசரி 4. மெய்யான களத்தில் நிகழ்வது பின்னதை ஒத்தது. நான்கு முறை இடங்காத்தவர்கள் ஐந்தாம் முறை ஒருவர் தவறியதால் 14 கெஜம் இழக்கின்றனர். அத்தவற்றிலேதான் ஆட்டத்தின் அவலமும் சுவையும் உள்ளன. முன்னதிலோ தவறும் இல்லை, திறனும் இல்லை. எண் மட்டுமே உண்டு. எதுகையும் மோனையும் சீராக அமைந்துவிட்டால் அது பாட்டாகிவிடாது என்பதைத் தமிழாசிரியருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சராசரி பொருந்துவதும் அத்தகையதே.

ஆதலின் கடுமை இரு வகைப்படும். எதிரி ஒருபுறம் போவதுபோல் காட்டி மறுபுறம் திரும்புதல், இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளுதல், கூடுதலாக ஒருவரை நிறுத்திப் புதிய இடைவெளி உண்டாக்குதல் ஆகியவற்றால் வரும் கடுமை ஒன்று. அதில் தோற்றவர் தாம் தோற்ற காரணத்தைக் கண்டு, மறுமுறை திருந்தலாம். நேற்று நிலைத்து நின்ற அதே வீரர், அளவை ஒன்று ஏற்றப்பட்டதால் இன்று காற்றிலாடும் நாணல்போல் சாய்வதனால் வரும் கடுமை மற்றொன்று. அதில் தோற்றவருக்குக் கற்க எதுவும் இல்லை. முன்னது ஆசிரியர் தரும் கடினமான கணக்கு. பின்னது விடையைத் திருத்தாமலே மதிப்பெண்ணைக் குறைப்பது.

‘விளையாட்டு விளையாட்டுத்தானே, முழு உண்மையும் வேண்டுமெனின் சலிப்பே மிஞ்சும்’ என்பார் கூற்றிலும் பொருளுண்டு. களத்தில் ஆட்டத்தின் ஒரு கால்பகுதி 15 மணித்துளி. வீட்டில் அதைச் சுருக்கியே பலரும் ஆடுகின்றனர். ஆடுபவர் விரும்பியபோது ஒரு வீரரை விட்டு மற்றொரு வீரராக மாறுகிறார். உலகில் எவர்க்கும் அது இயலாது. இவையெல்லாம் நாடக வழக்கு, ஏற்கத்தக்கவை. காலத்தைச் சுருக்கலாம், காட்சியை அழகுபடுத்தலாம். காரணத்துக்கும் விளைவுக்கும் உள்ள உறவை மட்டும் அறுக்கலாகாது. இடங்காத்தவர் பயன்பெறவும், இடந்தவறியவர் இழக்கவும் வேண்டும். இந்த உலகியல் சிதைந்தால் நாடகமும் சிதையும்.

அவ்வழியில் சில நற்படிகள் எடுத்துவைக்கப்பட்டன என்பதையும் கூறுதல் நேர்மை. 2009இல் வந்த ‘மேடன் 10’ பலர் சேர்ந்து ஒருவனை மடக்கும் காட்சியைத் தந்தது. தடுப்பு கூட்டுத் தொழில் என்பது அதில் ஓரளவு புலனாயிற்று. முன்னரே பதித்து வைத்த அசைவுகளையே பெரிதும் நம்பியிருந்த நிலை மாறி, மோதும் உடல்களின் எடையும் விரைவும் விளைவை மாற்றும் இயற்பியல் முறை 2012இல் ‘மேடன் 13’ வாயிலாகப் புகுந்தது. தாக்குவோரின் முதுகுக்குப் பின்னிருந்தே ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்க்கு, ‘மேடன் 15’ 2014இல் தடுப்பவரின் பின்னிருந்து நோக்கும் பார்வையைத் தந்தது. இம்மூன்றனுள்ளும் இறுதியது எளியதாகத் தோன்றினும் சிறந்தது. தன் முன்னே உள்ள இடைவெளியைத் தன் கண்ணால் காண்பவனே அதைக் காக்கவேண்டும் என்று நினைப்பான்.

இனி வரும் விளையாட்டுகளை மதிப்பிடுவோர், புல்லின் பசுமையையும் வியர்வையின் பளபளப்பையும் கண்டு உண்மை என்று மயங்க வேண்டியதில்லை. ஓட்டம் எத்தனை கெஜம் சென்றது என்று எண்ணிப் பார்ப்பதும் போதாது. எதிரி தன்னைக் கடந்து ஓடிய அந்த நொடியில், ‘நான் நிற்க வேண்டிய இடம் எது?’ என்னும் வினா ஆடுபவர் உள்ளத்தில் எழுகிறதா என்று பார்க்கட்டும். எழுமாயின், அவ்விளையாட்டு எவ்வளவு கடுமையாயினும் நேர்மையானது. எழாதாயின், அது எவ்வளவு எளிதாயினும் ஓட்டத் தடுப்பின் பெயரை மட்டுமே தாங்கி நிற்பது.