தமிழ்–ஆங்கிலக் கலப்புரைத் தரவுத்தொகுப்பு: ஐந்து வகுப்புகள் போதுமா?
பாரதி ராஜா சக்கரவர்த்தி குழுவினர் இயந்திரக் கற்றலுக்காக 2020இல் வெளியிட்ட இத்தொகுப்பில், திரைப்பட முன்னோட்டங்களுக்கு யூடியூபில் வந்த 15,744 கருத்துரைகள் உள்ளன. நேர்மறை, எதிர்மறை என்ற இரண்டோடு நில்லாமல் கலவை உணர்வு, உணர்வு அறிய இயலாதது, தமிழ் அல்லாதது என ஐந்து வகுப்புகள். "பாட்டு அருமை, கதைதான் இழுவை" என்று எங்கள் கருக்களாச்சேரிப் பையன் எழுதினால் இரண்டில் எதில் சேர்ப்பது? ஆகவே பிரித்தது சரியே. ஆனால் 'தமிழ் அல்லாதது' என்பது மொழி பற்றியது, உணர்வு பற்றியது அன்று, முன்பே வடிகட்டியிருக்கலாம்.

பெரிய குறை வேறு. நேர்மறை மட்டும் 10,559, கலவை 1,801தான். எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'நேர்மறை' என்று குறிக்கும் நிரலும் 67 விழுக்காடு வாங்கிவிடும். (விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இந்த மாணவனை நன்றாகத் தெரியும்.) கலவை வகுப்பில் எத்தனை சரியாகப் பிடிபட்டன என்று தனியே எண்ணிப் பார்க்க வேண்டும்.