ஃப்ரெடி என்ற வேடம்

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் என்றதும் நம்மூர் ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு காட்சிகள். 2002-ல் வான்கடேயில் சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி ஓடியது ஒன்று. 2007-ல் டர்பனில் யுவராஜைச் சீண்டிவிட்டது இன்னொன்று. அதற்கு ஆறு சிக்ஸர் வாங்கியவர் பாவம், ஸ்டூவர்ட் பிராட்! 2009-ல் 15.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த சென்னை சூப்பர் கிங்ஸுக்கு மூன்றே ஆட்டங்கள் ஆடிவிட்டுக் காயத்தோடு கிளம்பினார் என்ற ஆதங்கமும் சிலருக்கு இருக்கலாம்.

ஆறடி நாலங்குல உயரம், வம்பு, பீர், வெடிச்சிரிப்பு. 'ஃபிளின்ட்ஸ்டோன்' கார்ட்டூன் நாயகனை வைத்து வந்த 'ஃப்ரெடி' என்ற பட்டப்பெயரில் இங்கிலாந்து பத்திரிகைகள் இந்தப் பிம்பத்தை ஊதிப் பெருக்கின. 2005 ஆஷஸில் 402 ரன், 24 விக்கெட் எடுத்தபோது அதுவே தேசத்தின் ஆண்மைக்கு அடையாளமாகவும் ஆனது.

அந்த உடம்பின் மறுபக்கத்தை அவர் முழுதாகத் திறந்து காட்டியது 2020-ல், பிபிசி ஆவணப்படத்தில்தான். ஆட வந்த புதிதில் பத்திரிகைகள் அவரைக் குண்டன் என்று கேலி செய்தன. சாப்பிட்டதை வலிய வாந்தி எடுக்கத் தொடங்கினார். எடை குறைந்தது, ஆட்டமும் சூடுபிடித்தது. இங்கேதான் சிக்கல். ஸ்கோர்கார்டு நன்றாக இருக்கும்வரை வீரரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எந்த அணி கேட்கும்?

அந்தப் படத்தில் அவர் சொல்லும் ஒரு சம்பவம் போதும். இங்கிலாந்து வீரர்களிடம் பேச வந்த உணவியல் நிபுணர், பெண்கள் அணிகளில் இப்படிப்பட்ட உணவுக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார். "எங்களில்?" என்று ஃபிளின்டாஃப் கேட்கிறார். ஆண்கள்தானே, இருக்காது என்று பதில் வருகிறது. வாய் திறக்க இருந்தவர் மூடிக்கொண்டார். அந்த அறையில் அவரே பெரிய உருவம். அவரைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சியும் அதே உடம்பைத்தான் கேட்டது. 2012-ல் மான்செஸ்டரில் தொழில்முறை குத்துச்சண்டை ஆடி ஜெயித்தார். அதுவும் கேமரா முன்னால்தான். 2019-ல் 'டாப் கியர்' கார் நிகழ்ச்சி வந்தது. இதைச் செய்கிறாயா என்றால், செய்கிறேன் என்பார். விளையாட்டும் தொலைக்காட்சியும் மனிதனை இறைச்சித் துண்டாகவே பார்க்கின்றன என்று பின்னாளில் அவரே கசந்து பேசினார். 2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டு விமானத் தளத்தில் படப்பிடிப்பு நடந்தபோது மூன்று சக்கர மார்கன் கார் கவிழ்ந்தது. தலைக்கவசம் இல்லை. முகம் சிதைந்தது, விலா எலும்புகள் முறிந்தன.

அடுத்த செப்டம்பரில் கார்டிஃபில் மூக்கில் பிளாஸ்டர், முகத்தில் தழும்புகளோடு இங்கிலாந்து வீரர்களுக்கு ஃபீல்டிங் பயிற்சி கொடுத்தார். என் கணக்கில், லார்ட்ஸில் 2009-ல் வலிக்கும் முழங்காலோடு இடைவிடாமல் பத்து ஓவர் வீசி மூன்று விக்கெட் எடுத்த ஸ்பெல்லைவிட இது கடினமான ஆட்டம். அன்று கைதட்டல் நிச்சயம். கார்டிஃபில் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்க்கப்போகிறார்கள்.

தன் ஊரான பிரெஸ்டனின் பையன்களைக் கிரிக்கெட் ஆடக் கொல்கத்தாவுக்கு அழைத்துச் சென்ற 2024 தொலைக்காட்சித் தொடரில் அழுகிறார். உதவி வேண்டும், கேட்கத்தான் வரவில்லை என்கிறார். 2025 ஆவணப்படத்தில், விபத்திலேயே போயிருக்கலாம் என்று மனதின் ஒரு பகுதி நினைத்ததாகவும் சொல்கிறார். துணிச்சலை விற்ற அதே தொலைக்காட்சி இப்போது கண்ணீரையும் விற்கிறதே என்ற நெருடல் எனக்கு உண்டு. ஆனாலும் பதினாறு வயதுப் பையன்கள் முன்னால் அப்படி உட்காருவதை நடிப்பு என்று தள்ளிவிட முடியவில்லை.

2024 முதல் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை அணியான லயன்ஸுக்குப் பயிற்சியாளர் அவர்தான். முகாம்களில் எடை பார்ப்பதும் கொழுப்பு அளப்பதும் நிற்கப்போவதில்லை, நம்மூரிலும் அப்படித்தான். அளவு குறித்துக்கொண்ட கையோடு, சாப்பாடு எப்படிப் போகிறது என்று பையன்களிடம் யாராவது விசாரிக்கிறார்களா என்பதைத்தான் இனி கவனிக்க வேண்டும்.