செல்போனும் மூளைக்கட்டியும்: ஆதாரம் எவ்வளவு தேறும்?

செல்போனால் மூளையில் கட்டி வரும் என்போர் அதிகம் நம்பியிருப்பது இன்டர்போன் ஆய்வை. 13 நாடுகளில் நடந்து 2010இல் வெளிவந்தது. மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களுக்கு, அதாவது பத்தாண்டுகள் தினமும் ஏறக்குறைய அரை மணி பேசியவர்களுக்கு, கிளையோமா என்ற கட்டி வரும் வாய்ப்பு 40 விழுக்காடு கூடுதல் என்றது அது. மறு ஆண்டே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, செல்போன் கதிர்வீச்சைப் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது.

அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல அது. ஆனால் கிடைத்த விதம் இடிக்கிறது. கட்டி வந்தவர்களிடம் போய், பல வருடம் முன்பு எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஏன் இது வந்தது என்று தவிக்கிறவர் பழசை எப்படி நினைவுகூர்வார்? நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களும் உண்டு; அந்தக் கணக்கை ஆய்வாளர்களே சந்தேகித்தார்கள். அதே ஆய்வில், வழக்கமாகப் பேசுவோருக்கு, பேசாதவர்களைவிடக் கட்டி 19 விழுக்காடு குறைவு! செல்போன் மூளையைக் காக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் குறைவு ஆய்வு முறையின் கோளாறு என்றால், அந்த 40ஐ மட்டும் எப்படி அப்படியே ஏற்பது?

2018இல் வந்த அமெரிக்க எலி ஆய்வையும் காட்டுவார்கள். அதில் ஆண் எலிகளுக்கு இதயத்தில் கட்டி வந்தது உண்மை. தினமும் 9 மணி நேரம், உடல் முழுக்க, இரண்டாண்டுக் கதிர்வீச்சு அது. அதைத் தாங்கிய எலிகள் மற்றவற்றைவிட அதிக நாள் வாழ்ந்ததைப் பலரும் சொல்வதில்லை.

எதிர்த்தரப்பிலும் ஓட்டை உண்டு. பிரிட்டனில் 7.7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து, ஆபத்து இல்லை என்று 2022இல் அறிவித்தார்கள். அவர்களில் வாரத்துக்கு அரை மணி பேசியவர்களே ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் குறையை 2024இல் வந்த காஸ்மோஸ் ஆய்வு பெருமளவு தீர்த்தது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில், நோய் வருவதற்கு முன்பே பேச்சுக் கணக்கை வாங்கி, இரண்டரை லட்சம் பேரைத் தொடர்ந்தது. மிக அதிகம் பேசியவர்களிடமும் கட்டி கூடியதாகத் தெரியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: மூளைக்கட்டிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, நம்பகமான சாட்சிகள் அதற்கு எதிராகவே நிற்கின்றன. காஸ்மோஸ் கவனித்தது சராசரியாக ஏழாண்டுதான் என்பதால் வழக்கை மூடிவிடச் சொல்ல மாட்டேன். வழக்கு முடியும்வரை, தயங்குகிறவர்கள் இயர்போனில் பேசலாம். சிக்னல் ஒரு கோடாகக் குறையும் இடத்தில் டவரை எட்ட போன் தன் சக்தியைக் கூட்டும்; நீண்ட பேச்சை அங்கே தவிர்க்கலாம்.