சாவியும் திறவுகோலும்

பழைய சொற்களில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில் ஒரு சொல்லைத் தேடப் போனால், தேடிய சொல்லை மறந்துவிட்டு வேறு பத்துச் சொற்களோடு திரும்புவேன். தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தானையே பாருங்கள். பாரசீகத்தில் 'அங்குஷ்த்' என்றால் விரல். ஸம்ஸ்கிருதத்தில் கட்டைவிரலைக் குறிக்கும் அங்குஷ்டமும் அதற்கு உறவு. ஊசி குத்தாமல் காக்கும் ஒரு சின்ன உலோகக் குல்லாய்க்கு இத்தனை வம்சாவளி!

ஆனால் இந்த ருசி முற்றினால் ஆபத்து. சரித்திர நாவல்களில் பணிப்பெண்கூட நிகண்டு பேசுகிறாளே, அது இந்த வியாதிதான். எனக்கே ஒருமுறை நேர்ந்தது. என் கதையில் ஒரு கிழவி மருமகளிடம், "சாவியெ எங்கேடி வச்சே?" என்று கேட்கிறாள். பத்திரிகையில் அச்சாகி வந்தபோது, "திறவுகோலை எங்கேடி வச்சே?" என்று கேட்டாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் கோபம்.

திருத்திய நண்பரிடம் போனேன். சாவி போர்த்துகீசியச் சொல் என்றார். வாஸ்தவம். ஜன்னலும் அலமாரியும்கூட அதே கப்பலில் வந்தவைதான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். அந்தக் கூட்டத்தோடு கரையேறிய சொல் நம் பாட்டிமார் இடுப்பில் எத்தனை தலைமுறையாகத் தொங்குகிறது! இன்னுமா அது அந்நியம்?

திறவுகோல் அழகான சொல் என்பதை நான் மறுக்கவில்லை. அதில் ஒரு கோல் இருக்கிறது. கோட்டைக் கதவை நீண்ட இரும்புக் கோல் விட்டுத் திறக்கும் காட்சியை எழுதினால் அதைத்தான் போடுவேன். சுண்டுவிரல் நீளப் பெட்டிச் சாவிக்குக் கோல் எதற்கு என்று கேட்டேன்.

நண்பர் லேசுப்பட்டவரல்ல. "எண்ணெய் என்றால் எள்ளின் நெய். நீர் மட்டும் தேங்காய் எண்ணெய் என்று எழுதலாமோ?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பாதி வழியில்தான் உறைத்தது, அவர் எனக்காகவே வாதாடியிருக்கிறார் என்று. எள்ளை மறந்துவிட்டுத்தானே தேங்காயோடும் கடலையோடும் எண்ணெய் குடித்தனம் நடத்துகிறது? சாவியும் கப்பலை மறந்துவிட்டது. அதன் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. கிழவிக்கு அரிசிப் பெட்டியைத் திறந்தாக வேண்டும், உலை கொதிக்கிறது.

கதை தொகுதியாக வந்தபோது சாவியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.