கடலூரில் பிறந்த எழுத்தும் சிதம்பரத்துக் குரலும்

1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வருவாய்த் துறை அலுவலரின் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. விருத்தாசலம் என்று பெயர் வைத்தார்கள். 1934 ஏப்ரல் 24 அன்று அதே கடலூரின் மஞ்சக்குப்பத்தில் இன்னொரு குழந்தை. முன்னவர் புதுமைப்பித்தன், பின்னவர் ஜெயகாந்தன். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு சிகரங்களும் ஒரே ஊரில் பிறந்தவை என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த செய்திதான். இருவரும் சினிமாவுக்குள் போனார்கள், ஒருவர் அதில் உயிரையே விட்டார், மற்றவர் தன் நிபந்தனைகளோடு போய் நிமிர்ந்தபடியே வெளியே வந்தார் என்பதைச் சேர்த்துவைத்துப் பேசுபவர்கள் குறைவு.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பிறந்து கலையுலகுக்குப் போனவர்களின் வரிசையைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. மதுரையும் தஞ்சையும் நாடகக் கம்பெனிகள் வழியாக நடிகர்களை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பகுதி எழுத்தையும் குரலையும் அனுப்பியது. நட்சத்திரங்களை எண்ண உட்கார்ந்தால் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். கதை, வசனம், இயக்கம், பாட்டு என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

பிறந்த ஊரை வைத்து ஒருவரை உரிமை கொண்டாடுவதில் எச்சரிக்கை வேண்டும். புதுமைப்பித்தனின் குடும்பம் நெல்லைச் சீமையைச் சேர்ந்தது. தகப்பனாரின் மாற்றல்களால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று தென்னார்க்காட்டு ஊர்களிலேயே அவருடைய சிறுவயதுப் படிப்பு நடந்தது. 1918-இல் தந்தை ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அவர் கதைகளில் கேட்பது தாமிரபரணிக் கரைப் பேச்சு. ஆகவே அவரைக் கடலூரின் படைப்பாளி என்று சொல்ல மாட்டேன், கடலூரில் பிறந்தவர் என்று மட்டும் சொல்வேன்.

அவருடைய சினிமா வாழ்க்கை தமிழ் எழுத்தாளன் திரையுலகில் அடைந்த முதல் பெரிய துயரம். பத்திரிகைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல் அந்தப் பக்கம் போனார். ஜெமினியின் ‘ஔவையா’ருக்காக எழுதினார், ‘காமவல்லி’க்கு வசனம் எழுதினார். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனியே தொடங்கி ‘வசந்தவல்லி’ என்ற படத்தை எடுக்க முனைந்தார். அது எழவில்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலிருந்து விடுதலையாகி வந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் ‘ராஜமுக்தி’ படத்தை புனேயில் எடுத்தார். அதற்கு வசனம் எழுதப் போன இடத்தில் புதுமைப்பித்தனைக் காசநோய் முழுதாகப் பிடித்துக்கொண்டது. 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. படம் அதே ஆண்டு அவர் போன பிறகு வெளிவந்து தோற்றது. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலாயின. அதைப் படிப்பவர்களுக்கு, எப்போது பணம் அனுப்ப முடியும் என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போடும் ஒரு மனிதர் தெரிவார். சினிமா அவருக்குச் செய்யத் தவறியதை முப்பது ஆண்டுகள் கழித்து மகேந்திரன் ஓரளவு ஈடுகட்டினார். ‘சிற்றன்னை’யை மூலமாகக் கொண்டு 1979-இல் வந்த ‘உதிரிப்பூக்கள்’ இன்றும் தமிழின் தலைசிறந்த படங்களில் ஒன்று.

ஜெயகாந்தன் இந்த முன்கதையை அறியாதவர் அல்லர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, விழுப்புரத்தில் மாமா வீட்டுக்கு ஓடி, அங்கிருந்து சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவர். அச்சுக்கூடத்தில் வளர்ந்த பையன். கூலிக்கு வசனம் எழுதும் வழியில் அவர் போகவில்லை. தன் கதையைத் தானே இயக்கினார். 1965-இல் வந்த ‘உன்னைப்போல் ஒருவன்’ சென்னைச் சேரியில் வாழும் ஒரு தாய், அவள் மகன் சிட்டி, அவர்கள் வாழ்வில் நுழையும் ஒரு கிளி ஜோசியக்காரன் ஆகிய மூவரைப் பற்றியது. கட்டியெழுப்பிய செட்டும் கனவுப் பாட்டும் கோலோச்சிய காலத்தில், தகப்பன் ஸ்தானத்தில் வந்து நிற்கும் அந்நியனை ஒரு சிறுவன் ஏன் வெறுக்கிறான் என்பதை ஒரு முழுநீளப் படமாக எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். தேசிய விருதுகளில் அது நற்சான்றிதழ் பெற்றது. தியேட்டர்களில் நிற்கவில்லை. அடுத்து ‘யாருக்காக அழுதான்’. ஊரே சிரிக்கும் நாகேஷைத் திருட்டுமுழி ஜோசப்பாக்கி, அடி வாங்கினாலும் எதிர்த்துப் பேசாத ஒரு விடுதி வேலைக்காரனாக நிறுத்தினார். நாகேஷின் நகைச்சுவையைப் பலரும் பயன்படுத்தினார்கள். அவர் முகத்தில் உள்ள துக்கத்தை முதலில் நம்பியவர்களில் ஜெயகாந்தன் ஒருவர்.

‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையாக வந்து, விவாதமாகி, நாவலாக வளர்ந்து, 1977-இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படமானது. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு, அதே இயக்குநர், அதே நடிகையோடு ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’. இவ்விரு படங்களிலும் எழுத்தாளனின் திரைக்கதையே ஆட்சி செய்கிறது. அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சே சம்பவம். சினிமா காட்சிக் கலை, பேச்சு அதற்குச் சுமை என்று சொல்கிறவர்கள் இந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும். பின்னர் பி. லெனின் எடுத்த ‘ஊருக்கு நூறு பேர்’ படமும் ஜெயகாந்தனின் கதைதான். லெனினுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அது பெற்றுத் தந்தது. தம் திரை வாழ்வை அவரே ‘ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்’ என்று எழுதி வைத்திருக்கிறார். சினிமாவுக்குப் போக நினைக்கும் ஒவ்வொரு இளம் எழுத்தாளரின் கையிலும் இருக்க வேண்டிய புத்தகம் அது.

வெற்றிமாறன் பிறந்ததும் கடலூரில்தான், 1975-இல். வளர்ந்தது ராணிப்பேட்டை. தாய் மேகலா சித்ரவேல் நாவலாசிரியர். லயோலாவில் ஆங்கில இலக்கியம், பிறகு பாலுமகேந்திராவின் பட்டறை. அவருடைய படங்களின் மூலங்களைப் பாருங்கள்: ‘விசாரணை’க்கு மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’, ‘அசுர’னுக்குப் பூமணியின் ‘வெக்கை’, ‘விடுதலை’க்கு ஜெயமோகனின் ‘துணைவன்’. பெரிய நடிகர்களை வைத்துக்கொண்டே இலக்கியத்தைத் திரைக்குக் கொண்டுவரலாம் என்று இந்தத் தலைமுறையில் நிரூபித்தவர் அவர். ஆனால் அவர் காட்டும் நிலம் மதுரை, வடசென்னை, கரிசல் காடு. புதுமைப்பித்தனிடம் நெல்லை, ஜெயகாந்தனிடம் சென்னை, வெற்றிமாறனிடம் இவையெல்லாம். மூன்று பேரும் பிறந்த மண் மூவரின் படைப்புகளிலும் இல்லை.

அந்தக் குறையைத் தனி ஒருவராகத் தீர்த்தவர் தங்கர் பச்சான். பண்ருட்டிக்கு அருகே பத்திரக்கோட்டைக்காரர். செம்மண், முந்திரிக்காடு, பலாத்தோப்பு. ‘காதல் கோட்டை’, ‘பாரதி’ போன்ற படங்களுக்கு ஒளிப்பதிவு செய்து பெயரெடுத்த பிறகுதான் 2002-இல் தம் ‘கல்வெட்டு’ சிறுகதையை ‘அழகி’யாக எடுத்தார். நடுநாடு என்று மக்கள் சொல்லும் இந்த நிலப்பகுதி தன் முகத்தையும் பேச்சையும் திரையில் முழுசாகக் கண்டது அப்போதுதான். கூரைப் பள்ளிக்கூடம், மழைக்கால ஊர், படிப்பில் முந்தி நின்ற தனலட்சுமி பின்னாளில் நகரத்தின் தெருவோரத்துக்கு வந்து சேர்வது என எல்லாமே பார்த்தவர்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. பலரும் அதைப் பால்யக் காதல் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். படிக்க வைக்கப்படாத ஒரு பெண்ணின் கதையாகத்தான் எனக்கு அது நிற்கிறது.

இருந்தாலும் அவருடைய படங்களில் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’க்கே நான் முதலிடம் தருவேன். தம் சொந்த நாவலையே 2007-இல் படமாக்கினார். மாதவப் படையாச்சியாகச் சத்யராஜ், மனைவியாக அர்ச்சனா. ஊருக்கே அள்ளிக் கொடுத்த விவசாயி, பெற்ற பிள்ளைகளோடு மனம் முறிந்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு வீட்டைவிட்டு இறங்குகிறார். தோப்பும் துரவுமாக வாழ்ந்த கிழவர் அயலூரில் ஆடு மேய்த்துப் பிழைப்பதைப் படம் அவசரமில்லாமல் சொல்கிறது. பலா மரத்தைத் தடவிப் பார்க்கும் கைக்கு உரிய மரியாதையைத் தமிழ் சினிமா கொடுத்தது அபூர்வம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. தலைமுறைகளாக நின்ற முந்திரியும் பலாவும் ஒரே காலைப்பொழுதில் வேரோடு சாய்ந்தன. இந்த மாவட்டத்தின் புயலுக்கு முந்தைய தோப்புகளை இனி பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தப் படம் ஓர் ஆவணமும் ஆகிவிட்டது.

சிதம்பரத்தின் கதை வேறு. அங்கே முதலில் வருவது பாட்டு.

சி.எஸ். ஜெயராமன் 1917-இல் சிதம்பரத்தில் பிறந்தார். ஊர்ப்பெயர் அவர் பெயரோடே ஒட்டிக்கொண்டது: சிதம்பரம் ஜெயராமன். 1952-இல் ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசன் அறிமுகமானபோது அவருக்குப் பாடிய குரல் இவருடையது. அந்தப் படத்துக்கு வசனம் எழுதிய மு. கருணாநிதியின் முதல் மனைவி பத்மாவதி ஜெயராமனின் தங்கை. பின்னாளில் நடிகராகவும் பாடகராகவும் வந்த மு.க. முத்துவுக்கு இவர் தாய்மாமன். சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜனின் குரல் நிலைபெற்ற பிறகும் ‘புதையல்’, ‘தங்கப்பதுமை’, ‘பாவை விளக்கு’ என்று ஜெயராமனின் குரல் தொடர்ந்து ஒலித்தது.

அந்தக் குரலின் தன்மையைப் புரிந்துகொள்ள ‘ரத்தக்கண்ணீர்’ (1954) ஒன்று போதும். குஷ்டம் பிடித்து, எல்லாம் இழந்து நிற்கும் மோகனசுந்தரத்துக்காக, எம்.ஆர். ராதாவுக்குப் பின்னணியாக ஜெயராமன் பாடுகிறார். பாட்டின் இடையிடையே ராதா தன் கரகரத்த குரலில் பேசுகிறார். இழுத்து, நின்று, மூக்கொலி கலந்து இறங்கும் அந்தப் பாட்டுக்கும், வெட்டி வெட்டி விழும் அந்தப் பேச்சுக்கும் நடுவே ஓர் இழை கூட அறுபடுவதில்லை. வேறு யார் பாடியிருந்தாலும் அது பச்சாதாபப் பாட்டாகச் சுருங்கியிருக்கும். ஜெயராமனின் குரலில் இரக்கம் கோரும் குழைவு கிடையாது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கம்பீரம் உண்டு. இந்தப் படத்தின் பாடல்களுக்கு இசையமைத்தவரும் அவரே. இனிமையான குரல் என்ற அளவுகோலை மட்டும் வைத்துப் பாடகர்களை வரிசைப்படுத்தும் வழக்கத்தால் அவருக்கு உரிய இடம் கிடைக்காமல் போயிற்று என்பது என் உறுதியான கருத்து.

இப்படி ஒரு குரலுக்கு ஊரில் நிலம் பண்பட்டிருந்தது. கோயில் நாகஸ்வரமும் ஓதுவார்களின் தேவாரமும் ஒரு பக்கம். 1929-இல் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதன் இசைக் கல்லூரியும் மறுபக்கம். 1941-இல் தமிழிசை மாநாடு நடந்தது அங்கேதான். ஜெமினியின் ‘நந்தனார்’ (1942) படத்தில் நந்தனாராகப் பாடி நடித்த எம்.எம். தண்டபாணி தேசிகர் பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறைக்குத் தலைமை தாங்கினார். சிதம்பரம் போக முடியாமல் தவித்தவனாகத் திரையில் நின்றவர் சிதம்பரத்திலேயே ஆசிரியராக அமர்ந்தார்.

நந்தன் கதையைச் சொல்லாமல் இந்தப் பகுதியின் திரை வரலாறு நிறைவடையாது. ஆதனூரிலிருந்து தில்லை என்னும் சிதம்பரத்துக்குப் போக ஏங்கிய அந்தப் பண்ணையாள் மௌனப் படக் காலத்திலிருந்தே திரைக்கு வந்துகொண்டிருந்தான். 1935-இல் ‘பக்த நந்தனா’ரில் கே.பி. சுந்தராம்பாள் அந்த ஆண் வேடத்தை ஏற்றபோது வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அக்காலத்தில் நாடே பேசிய சம்பளம். இந்தப் படங்களில் நந்தனை மெய்யுருகிப் பாடவைத்தார்கள். அவனைத் தடுத்து நிறுத்திய கதவுக்குள் காமிரா போகவில்லை. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் எடுத்த படங்கள் இவை. சகஜானந்தரின் வாழ்க்கையை எவரும் இன்னும் ஒழுங்காகப் படமாக்கவில்லை.

இந்த மாவட்டத்துச் சம்பவம் ஒன்று உலகம் முழுக்கப் போனது 2021-இல், ‘ஜெய் பீம்’ மூலம். விருத்தாசலத்துக்கு அருகே முதனை கிராமத்தில் 1993-இல் காவலில் நேர்ந்த மரணமும், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் நடத்திய போராட்டமும் அதன் மூலம். உண்மையில் பாதிக்கப்பட்டது குறவர் குடும்பம், படத்தில் இருளர். நாடு முழுக்க அந்தப் படம் பேசப்பட்டபோது முதனையின் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

மற்றபடி சினிமாவுக்கு இந்த வட்டாரம் வெளிப்புறப் படப்பிடிப்பு நிலமாகவே பெரும்பாலும் இருந்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் கால்வாய்களில் எம்.ஜி.ஆர். ‘இதயக்கனி’க்காகப் படகில் வந்ததைப் படகுக்காரர்கள் பயணிகளிடம் சொல்லாமல் விடுவதில்லை. 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்கு நெய்வேலி வந்த விஜய், வாகனத்தின் மேலேறி ரசிகர் கூட்டத்தோடு எடுத்த செல்ஃபி நாடெங்கும் பரவியது. வீராணம் ஏரிக்கரையில் தொடங்கும் ‘பொன்னியின் செல்வன்’ கதையை இன்றும் காட்டுமன்னார்கோயில்காரர்கள் சொந்தக் கதையாகவே பேசுகிறார்கள்.

இனி வர வேண்டியது இங்கிருந்தே வர வேண்டும். கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்து வைத்திருக்கிறார். அவருடைய ‘அஞ்சலை’யும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலும் தயாராகக் காத்திருக்கின்றன. தங்கர் பச்சானுக்குப் பிறகு இந்த மண்ணின் பேச்சோடு படமெடுக்க ஒரு வரிசையே கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பவில்லை. 2013-இல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையும் இசைத் துறையும் அருகருகே இயங்குகின்றன. சிதம்பரம் ஜெயராமன் பாடிய அத்தனை பாடல்களையும், ஜெயகாந்தனின் திரைக்கதைகளையும், ‘உன்னைப்போல் ஒருவ’னின் ஒரு நல்ல பிரதியையும் அந்த வளாகத்தில் ஓர் அறையில் சேர்த்து வைத்து, கடலூர், விருத்தாசலம், நெய்வேலிப் பிள்ளைகள் வந்து பார்க்கவும் கேட்கவும் வழி செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்தாரும் மாவட்ட நிர்வாகமும் இதை இந்த ஆண்டே தொடங்கலாம்.